சாவியை யார்ட்ட கொடுக்கது: வீட்டு கம்ப்யூட்டருக்கு ஆன்டி வைரஸ்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பெருமாள்புரத்துல இருந்து மாமா போன். "மருமவனே, கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துட்டுல, மூலையில செவப்பு செவப்பா பெட்டி வந்து நிக்கி, அஞ்சு வைரஸ் இருக்குன்னு சொல்லுது, செத்த வந்து பாத்துட்டு போ"ன்னாங்க. நான் குளிச்சி கெளம்பி பாளையங்கோட்டையில இருந்து பைக்கை எடுத்துட்டு போறதுக்குள்ள மாமாவுக்கு பொறுமை இல்ல, அந்த செவப்பு பெட்டியை அமுக்கி, அது கூட்டிட்டு போன இடத்துல கார்டு நம்பரை எல்லாம் தட்டி, ரெண்டாயிரத்து சொச்சம் ரூவாய்க்கு பேரே கேள்விப்படாத ஒரு ஆன்டி வைரஸை வாங்கி இன்ஸ்டாலும் பண்ணி வச்சிட்டாங்க. வாங்குன பொறவும் பெட்டி வந்துகிட்டேதான் இருக்கு. அதுதான் அவங்களுக்கு பெரிய கோவம். "துட்டை வாங்கிட்டு சும்மா இருக்கான் பாரு"ன்னு திட்டிகிட்டு இருந்தாங்க.

உக்காந்து பாத்தா வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல. குரோம்ல நோட்டிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்குல்லா, ஏதாவது சைட்டுக்குள்ள போனா 'அலோ' 'பிளாக்'னு கேக்குமே, மாமா ராசிபலனோ கிரிக்கெட்டோ பாக்கப்போன எடத்துல 'அலோ'வை அமுக்கியிருக்காங்க. அந்த சைட்காரன் அன்னையில இருந்து விண்டோஸே சொல்லுத மாதிரி ஒரு படத்தை போட்டு மூலையில அனுப்பிகிட்டே இருக்கான், அவ்வளவுதான். குரோம் செட்டிங்ஸ்ல சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன்ஸ், அங்க அலோ லிஸ்ட்ல இருந்த பதினோரு சைட்டையும் தூக்குனேன், பெட்டி நின்னு போச்சு. ரெண்டு நிமிஷ வேலை. வீட்டு கம்ப்யூட்டர்ல "வைரஸ்"னு என்னை கூப்பிடுத பத்து பேர்ல பாதிக்கு மேல கதை இதுதான், அதனால ஆன்டி வைரஸ் வாங்கதுக்கு முன்ன மொதல்ல அங்க போய் பாருங்க. பொறவு அந்த வாங்குன சாமானை அன்இன்ஸ்டால் பண்ணி, பேங்க்குக்கு போன் போட்டு கார்டை பிளாக் பண்ணி, 1930க்கும் ஒரு போன் போட்டோம் (சைபர் குற்றத்துக்கான ஹெல்ப்லைன், துட்டு போன உடனே எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுதோமோ அவ்வளவு நல்லது).

அதெல்லாம் முடிஞ்சு காப்பி குடிக்கும்போது மாமா கேட்டாங்க, "சரிடே, இது போலின்னா அப்ப நல்லது எது, நீயே சொல்லு, வாங்கிப் போட்டுருவோம்." இந்த ஒரு கேள்வியை பத்து வருஷமா கேட்டுகிட்டு இருக்கேன், கல்யாண வீட்டுல, பஸ்ல, துட்டி வீட்டுல கூட கேட்டிருக்காங்க. ஒரு பேரை சொல்லிட்டு போயிரலாம்தான். ஆனா பேரை சொன்னா அடுத்த வருஷம் அது பொய்யாயிரும், அதனால எப்படி பாக்கணும்னு சொல்லுதேன், பேரையும் சொல்லுதேன், பொறுமையா படிங்க.

மொதல்ல நம்ம ஆளுங்களுக்கு இந்த பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும், ஏன்னா அந்த பயத்துல நியாயம் இருந்துச்சு. பீசி உலகத்துல பரவுன மொத வைரஸ்னு சொல்லுத 'பிரெயின்' 1986ல லாகூர்ல ரெண்டு அண்ணன் தம்பிங்க எழுதுனது, ஃப்ளாப்பி டிஸ்க் மூலமா ஊர் ஊரா போச்சு. அது நமக்கு தெரியாது, நம்ம கண்ணால பாத்தது பென் டிரைவ் காலம். 2005ல இருந்து 2011 வரைக்கும் பாளையங்கோட்டையில காலேஜ் படிச்சவங்க யாரும் மறக்க மாட்டாங்க, புராஜெக்ட் ரிப்போர்ட்டை பென் டிரைவ்ல போட்டுகிட்டு காலேஜ் எதுத்தாப்புல இருக்க ஜெராக்ஸ் கடைக்கு போவோம், பிரிண்ட் எடுத்துட்டு திரும்பி வந்து ஹாஸ்டல் கம்ப்யூட்டர்ல சொருகுனா 'நியூ ஃபோல்டர்'னு ஒண்ணு புதுசா உக்காந்திருக்கும், ஃபோல்டர் மாதிரியே மஞ்சக்கலர் படம், ஆனா அது ஃபோல்டர் இல்ல, எக்ஸி ஃபைல், அதாவது ஓடுற புரோகிராம், டபுள் கிளிக் பண்ணுனா முடிஞ்சுது. பண்ணாட்டியும் முடிஞ்சுது, ஏன்னா அப்பம் இருந்த விண்டோஸ் எக்ஸ்பில ஆட்டோரன்னு ஒரு வசதி, பென் டிரைவை சொருகி திறந்தாலே அதுக்குள்ள இருக்கதை தானா ஓட விட்டுரும். 2008 நவம்பர்ல வந்த 'கான்ஃபிக்கர்' புழுவும் (தானா பரவுத வைரஸை புழுன்னு சொல்லுவாங்க) பரவுன வழிகள்ல இதுவும் ஒண்ணு. ஒரு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்கு ஒட்டிகிட்டா அன்னைக்கு அங்க வந்த அத்தனை பேர் வீட்டுக்கும் போய் சேந்துரும், பஸ் ஸ்டாண்டு குழாயில தண்ணி குடிச்ச கதைதான்.

அந்த காலத்துல விண்டோஸ் எக்ஸ்பில சொந்தமா ஆன்டி வைரஸே கெடையாது. மைக்ரோசாஃப்ட் இலவசமா 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்'னு ஒண்ணு கொடுத்ததே 2009 செப்டம்பர்லதான், ஆட்டோரன்னை பென் டிரைவுக்கு நிறுத்தி பழைய விண்டோஸ்க்கெல்லாம் அப்டேட்டா அனுப்புனது 2011 பிப்ரவரியில. அதனால அன்னைக்கு சர்வீஸ் கடை அண்ணாச்சி "ஆன்டி வைரஸ் போடாம கம்ப்யூட்டரை எடுத்துட்டு போவாதீங்க"ன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி. பிரச்சனை என்னன்னா அண்ணாச்சி இன்னைக்கும் அதையேதான் சொல்லுதாங்க. 2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து மைக்ரோசாஃப்ட்டோட சொந்த ஆன்டி வைரஸ் 'டிஃபெண்டர்' விண்டோஸ்கூடவே வருது, தானா ஓடுது, தானா அப்டேட் ஆவுது. உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஆன்டி வைரஸ் ஏற்கனவே இருக்கு, அதை மாத்தணுமாங்கிறதுதான் கேள்வி.

அதுக்கு பதில் சொல்லணும்னா இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். போலீஸ் ஸ்டேஷன் போர்டுல 'தேடப்படும் குற்றவாளிகள்'னு போட்டோ ஒட்டியிருப்பாங்கல்லா, பழைய ஆன்டி வைரஸ் முழுக்க அதுதான். பிடிபட்ட வைரஸ்ஓட அடையாளத்தை எடுத்து வச்சிகிட்டு, கம்ப்யூட்டர்ல இருக்க ஒவ்வொரு ஃபைலையும் அதோட ஒப்பிட்டு பாக்கது. சிக்னேச்சர்னு சொல்லுவாங்க. இன்னைக்கு அது மட்டும் பத்தாது, ஜெர்மனியில இருக்க ஏவி டெஸ்ட்டுங்கிற ஆய்வு நிறுவனம் ஒரு நாளைக்கு 4,50,000க்கு மேல புது கெட்ட சாமான் பதிவு பண்ணுதோம்னு சொல்லுது, இதுல பெரும்பாலும் ஒரே திருடன் மீசையை எடுத்துட்டு, தொப்பி போட்டுகிட்டு வாரதுதான், ஆனா போட்டோவோட ஒத்துப்போவாதே. அதனால இப்ப மூஞ்சியை பாக்கதை விட நடத்தையை பாக்காங்க, ஒரு புரோகிராம் திடீர்னு உங்க போட்டோ அத்தனையையும் ஒண்ணொண்ணா திறந்து மாத்தி எழுதுதா, அப்ப அவன் யாரா இருந்தாலும் பிடின்னு. அது போவ சந்தேகமா எதையாவது கண்டா நெட்டு வழியா கம்பெனியோட சர்வர்ட்ட கேக்கது, "இவனை எங்கயாவது பாத்திருக்கியளா"ன்னு. இது கிளவுட்.

இப்ப நல்லா கவனிங்க, இந்த வேலையை செய்யணும்னா அந்த சாஃப்ட்வேர் எல்லா ஃபைலையும் படிக்கணும், எல்லா புரோகிராமையும் நிறுத்துத அதிகாரம் இருக்கணும், நீங்க போற சைட்டை பாக்கணும், விண்டோஸோட அடி மட்டம் வரைக்கும் கை போவணும். வீட்டுக்கு வாட்ச்மேன் போடுதோம், கேட்டு சாவி மட்டும் இல்ல, பீரோ சாவி, பூஜை ரூம் சாவி எல்லாத்தையும் கொடுத்துதான் போடுதோம். திருடனை எவ்வளவு நல்லா பிடிப்பாங்கிறது ஒரு கேள்வி, அவனே எப்படிப்பட்ட ஆளுங்கிறது இன்னொரு கேள்வி. நம்ம ஊர்ல எல்லாரும் மொத கேள்வியை மட்டும்தான் கேக்காங்க, என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெருசு, ஏன்னா மொத கேள்வியில இன்னைக்கு எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க்.

வாட்ச்மேன் குடிச்சிட்டு வீட்டுக்காரனையே அடிச்ச கதை உண்டு. 2010 ஏப்ரல் 21ஆம் தேதி மெக்காஃபிங்கிற ஆன்டி வைரஸ் கம்பெனி ஒரு அப்டேட் அனுப்புச்சு, அது விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த ஃபைல் ஒண்ணையே வைரஸ்னு நினைச்சு பிடிச்சு போட்டுது, உலகம் பூரா கம்ப்யூட்டர் எல்லாம் திரும்ப திரும்ப ரீஸ்டார்ட் ஆகி செத்துது. பழைய கதைன்னு நினைக்காதீங்க, 2024 ஜூலை 19ல க்ரவுட்ஸ்டிரைக்னு ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனியோட அப்டேட் தப்பாகி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலக்கலர் ஸ்கிரீனோட நின்னுச்சு, விமானமே ஓடல. அது ஆபீஸ்களுக்கான சாமான், வீட்டுக்கு வராது, ஆனா காரணம் ஒண்ணுதான், அடி மட்டம் வரைக்கும் கை போற சாஃப்ட்வேர் தடுமாறுனா வீடே விழும்.

வாட்ச்மேன் நல்லவன், ஆனா அவனுக்கு சாப்பாடு கொண்டு வாரவன் கெட்டவன்னா? 2024 ஏப்ரல்ல வந்த செய்தி இது, மும்பை கம்பெனியோட ஈ-ஸ்கேன் ஆன்டி வைரஸ்ல அப்டேட் வார வழியை நடுவுல மறிச்சு, அப்டேட்டுக்கு பதிலா 'குப்டிமைனர்'ங்கிற கெட்ட சாமானை உள்ள விட்டிருக்கானுவ, கண்டுபிடிச்சு சொன்னது அவாஸ்ட். அப்டேட்டை பாதுகாப்பு இல்லாத சாதா எச்டிடிபியில அனுப்புனதுதான் ஓட்டை, பொறவு சரி பண்ணிட்டாங்க.

கண்டுபிடிச்சு சொன்ன அவாஸ்ட் பெரிய யோக்கியமான்னா, அங்கயும் ஒரு கதை. ஊர்ல பாதி பேர் வீட்டுல இலவச அவாஸ்ட்டோ ஏவிஜியோதான் இருந்துச்சு ஒரு காலத்துல (2016ல அவாஸ்ட்டே ஏவிஜியை வாங்கிட்டு, ரெண்டும் ஒரே வீடு). இலவசமா கொடுக்கவன் எதை வச்சு சோறு திங்கான்னு நாம கேக்கவே இல்ல. ஜம்ப்ஷாட்னு ஒரு துணை கம்பெனி வச்சு, ஆன்டி வைரஸ் போட்டவங்க எந்தெந்த சைட்டுக்கு போனாங்கங்கிற விவரத்தை வித்திருக்காங்க, 2020 ஜனவரியில வெளிய வந்து கடையை மூடுனாங்க, 2024 பிப்ரவரியில அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. நீங்க எந்த நோயை பத்தி தேடுனீங்க, எந்த பேங்க்ல கடன் விசாரிச்சீங்கங்கிறதை வாட்ச்மேனே தெருவுல வித்த மாதிரி. இப்ப அவாஸ்ட், ஏவிஜி, நார்ட்டன், அவிரா எல்லாம் ஜென் டிஜிட்டல்ங்கிற ஒரே கம்பெனிக்கு கீழ இருக்கு, கடையில நாலு டப்பா நாலு கலர்ல இருக்கும், முதலாளி ஒருத்தர்தான்.

காஸ்பர்ஸ்கி இன்னொரு மாதிரி. வேலை சுத்தமா செய்யும், டெஸ்ட்ல எல்லாம் மேலதான் இருக்கும், கம்பெனி மாஸ்கோவுல. 2024 ஜூன்ல அமெரிக்க அரசாங்கம் தடை போட்டு, ஜூலை 20க்கு மேல புதுசா விக்கக்கூடாது, செப்டம்பர் 29க்கு மேல அப்டேட்டும் அனுப்பக்கூடாதுன்னுட்டுது. அது நாட்டுக்கு நாடு உள்ள பகை, பெருமாள்புரத்துல இருக்க மாமாவோட பேரப்பிள்ளை போட்டோவை ரஷ்யாக்காரன் பாத்து என்ன செய்யப்போறான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒரு அரசாங்கம் நினைச்சா திடீர்னு ஒரு நாள் அப்டேட் நின்னுரும்ங்கிறது பாடம், அதுக்காகவே நான் இப்ப யாருக்கும் அதை போடுறது இல்ல. போட்டிருக்கவங்களை எடுக்கவும் சொல்லுறது இல்ல.

சரி, மார்க் விஷயத்துக்கு வாரேன். 'டாப் 10 ஆன்டி வைரஸ்'னு கூகுள்ல தேடுனா வார பக்கத்துல முக்காவாசிக்கு அடியில 'வாங்க இங்கே அமுக்கவும்'னு பட்டன் இருக்கும், அதை அமுக்கி நீங்க வாங்குனா எழுதுனவனுக்கு கமிஷன். அவன் ஒண்ணாம் நம்பரா போடுறது எவன் கமிஷன் கூட கொடுக்கானோ அதைத்தான்னு சொல்லலை, ஆனா இலவச டிஃபெண்டர் அந்த லிஸ்ட்ல மேல வரவே வராது பாருங்க. உருப்படியா டெஸ்ட் பண்ணுத எடம் மூணு இருக்கு. ஜெர்மனியில மாக்டபர்க்ல இருக்க ஏவி டெஸ்ட், ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ருக்ல இருக்க ஏவி கம்பாரட்டிவ்ஸ், லண்டன்ல எஸ்ஈ லேப்ஸ். ரிப்போர்ட் எல்லாம் நெட்ல சும்மாவே படிக்கலாம். ஏவி டெஸ்ட்ல பிடிக்கதுக்கு 6, கம்ப்யூட்டரை மெதுவாக்காம இருக்கதுக்கு 6, நல்ல ஃபைலை கெட்டதுன்னு சொல்லாம இருக்கதுக்கு 6, ஆக மொத்தம் 18. பாத்தா பத்து பன்னெண்டு கம்பெனி 17.5, 18னு நிக்கும், டிஃபெண்டரும் அந்த கூட்டத்துலயேதான் நிக்கி. பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி, எல்லாரும் சென்டம் எடுத்தா மார்க்கை வச்சு யாரை எடுப்பீங்க?

அதனால மார்க்கை விட நல்ல ஃபைலை தப்பா பிடிக்க கணக்கை பாருங்க, ஏவி கம்பாரட்டிவ்ஸ் ரிப்போர்ட்ல 'ஃபால்ஸ் அலாரம்'னு தனியா இருக்கும். தெருவுல போற எல்லாரையும் திருடன்னு பிடிச்சா 100 சதவீதம் திருடன் மாட்டுவான்தான், அப்படிப்பட்ட வாட்ச்மேனை ரெண்டு நாள்ல நாமளே தூங்கப்போன்னு சொல்லிருவோம். வீட்டுல ஆன்டி வைரஸ் கத்துனாலே 'இது எப்பவும் இப்படித்தான்'னு இக்னோரை அமுக்குற பழக்கம் இப்படி வந்ததுதான். ஒரே ஒரு ரிப்போர்ட்டை பாத்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வருஷமா தொடர்ந்து மேல இருக்கானான்னு பாருங்க.

டிஃபெண்டருக்கு குறையே இல்லையான்னா இருக்கு, சொல்லிருதேன். அது கிளவுடை ரொம்ப நம்பி இருக்கு. ஏவி கம்பாரட்டிவ்ஸ் நெட்டு இல்லாம டெஸ்ட் பண்ணும்போது டிஃபெண்டர் பிடிக்கது நல்லாவே குறையும், பிட்டிஃபெண்டர் மாதிரி சிலது நெட்டு இல்லாட்டியும் நல்லா பிடிக்கும். டவுனுக்குள்ள ஃபைபர் போட்டவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, ஆனா கடையம் பக்கமோ மானூர் பக்கமோ மழை பேஞ்சா நாலு நாள் நெட்டு இல்லாத எடத்துல, ஊர்க்காரங்க பென் டிரைவ் பூரா வந்து சொருகுற கம்ப்யூட்டர் வச்சிருந்தீங்கன்னா காசு கொடுத்து ஒண்ணு வாங்குறதுல அர்த்தம் இருக்கு. இன்னொண்ணு, டிஃபெண்டர்ல நல்ல பூட்டு ஒண்ணை திறந்தே வச்சிருக்காங்க. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன்ல (ஃபைலை எல்லாம் பூட்டி வச்சிட்டு துட்டு கேக்குத வைரஸ்தான் ரான்சம்வேர்) 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'னு இருக்கும், அதை ஆன் பண்ணுனா தெரியாத புரோகிராம் எதுவும் உங்க டாக்குமென்ட், போட்டோ ஃபோல்டர்ல கை வைக்க முடியாது. தானா ஆஃப்லதான் இருக்கும், நாமதான் ஆன் பண்ணணும். ஆன் பண்ணுனா மொத ரெண்டு நாளு பழைய பிரிண்டர் சாஃப்ட்வேர் எல்லாம் கத்தும், ஒண்ணொண்ணா அனுமதி கொடுத்துக்கணும், எரிச்சல்தான், பண்ணுங்க.

காசு கொடுத்து வாங்குறதுன்னா யாருக்கு? வீட்டுலயே டேலி வச்சு நாலு கடைக்கு கணக்கு பாக்கவங்க, ஜிஎஸ்டி ஃபைல் பண்ணுதவங்க, அடுத்தவன் பணம் விஷயம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னா வாங்குங்க. அப்பா அம்மா மட்டும் தனியா இருக்காங்க, பிரச்சனைன்னா போன் பண்ணி தமிழ்ல கேக்கணும்னா சென்னை கம்பெனி கே7 இருக்கு, 1990களோட ஆரம்பத்துல இருந்தே இருக்காங்க. குவிக் ஹீல் பூனா கம்பெனி, நம்ம ஊர் கடையில எல்லாம் தொங்கும். ரெண்டுமே பழைய ஆளுங்க, நம்பி போடலாம். வெளிநாட்டு சாமான்ல பிட்டிஃபெண்டர், ஈசெட் ரெண்டையும் நான் போட்டு பாத்திருக்கேன், ஈசெட் ரொம்ப லேசு, பழைய கம்ப்யூட்டருக்கு நல்லது. வாங்கும்போது ரெண்டு விஷயம், மொத வருஷம் சல்லிசா கொடுத்துட்டு ரெண்டாவது வருஷம் டபுளா எடுப்பான், ஆட்டோ ரினியூவலை அன்னைக்கே ஆஃப் பண்ணிருங்க. அப்புறம் எங்கயோ நூறு ரூவாய்க்கு கீ கிடைக்குன்னு வாங்காதீங்க, ஆபீஸ் லைசென்ஸை கூறு போட்டு விக்கானுவ, ஒரு நாள் கம்பெனிக்காரன் கட் பண்ணிருவான். மத்தபடி விபிஎன், பாஸ்வேர்ட் மேனேஜர், 'பீசி கிளீனர்'னு டப்பா மேல வரிசையா போட்டிருக்கதுக்கெல்லாம் மயங்காதீங்க, கிளீனர்னு ஒண்ணு கம்ப்யூட்டருக்கு தேவையே இல்ல.

ரெண்டு ஆன்டி வைரஸை ஒண்ணா மட்டும் போட்டுராதீங்க. ரெண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்துல பிடிச்சு இழுக்கும், கம்ப்யூட்டர் முக்கும். வேற ஒண்ணு போட்டா டிஃபெண்டர் தானா ஒதுங்கிரும், அது மரியாதை தெரிஞ்சது. ஆனா புது லேப்டாப் வாங்கும்போது கூடவே ஒரு டிரையல் வருமே, முப்பது நாள்ல முடிஞ்சு போயி 'எக்ஸ்பையர்டு'னு கத்திகிட்டே வருஷக்கணக்கா கெடக்கும், அதை ஒண்ணு துட்டு கட்டி உயிர் கொடுங்க இல்லாட்டி எடுத்து கடாசுங்க. என் சித்தி மவன் லேப்டாப்ல மூணு வருஷமா செத்த வாட்ச்மேன் கேட்ல உக்காந்திருந்தான், உயிரோட இருக்கவனுக்கு நிக்க எடம் இல்ல.

வாங்குனது ஓடுதா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. ஐகார் டெஸ்ட் ஃபைல்னு ஒண்ணு, மொத்தமே 68 எழுத்துதான், எந்த கெடுதலும் பண்ணாது, ஆனா உலகத்துல இருக்க எல்லா ஆன்டி வைரஸ் கம்பெனியும் இதை கண்டா வைரஸ் மாதிரி கத்தணும்னு பேசி வச்சிருக்காங்க. ஐகார் சைட்டுலயே டவுன்லோடு பண்ணலாம், பண்ணுன உடனே கத்துனா ஆளு முழிச்சிருக்கான். அதே மாதிரி ஏதாவது ஒரு ஃபைல் மேல மட்டும் சந்தேகம்னா வைரஸ்டோட்டல்னு கூகுளோட சைட் இருக்கு, அதுல ஏத்துனா எழுபதுக்கு மேல ஆன்டி வைரஸ்ட்ட கேட்டு சொல்லும். ஆதார், பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி சொந்த விஷயத்தை மட்டும் அதுல ஏத்திராதீங்க, அங்க ஏத்துனது வேற ஆளுங்க கைக்கும் போவும்.

இவ்வளவும் சரியா பண்ணிட்டு ஒரே நாள்ல எல்லாத்தையும் கவுத்துறது ஒண்ணு இருக்கு, கிராக், அதாவது காசு கட்டாம சாஃப்ட்வேரை திருட்டுத்தனமா ஓட வைக்கது. எனக்கு தெரிஞ்ச பையன் ஒருத்தன், கல்யாண போட்டோ எடிட் பண்ணுதவன், எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் பண்ண ஒரு வீடியோ பாத்திருக்கான். அதுல மொத ஸ்டெப்பே என்ன தெரியுமா, 'ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணுங்க'. பண்ணிட்டான். அரை மணி நேரத்துல நாலு கல்யாணத்து போட்டோ எல்லாம் பேருக்கு பின்னால புது எழுத்து ஒட்டிகிட்டு, திறக்க முடியாம போச்சு. ஸ்டாப் டிஜாவுன்னு ஒரு ரான்சம்வேர் குடும்பம், வீட்டு ஆளுங்களையே குறி வச்சு கிராக் மூலமா பரவுறது, ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு லெட்டர் வச்சிட்டு போயிருந்தான், 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள்ள பேசுனா பாதி தள்ளுபடி, 490. ஆடித்தள்ளுபடி மாதிரி! அந்த பையன் பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு பதில் சொல்ல முடியாம ரெண்டு வாரம் கடையே திறக்கல. அவன் கம்ப்யூட்டர்ல இருந்தது காசு கொடுத்து வாங்குன நல்ல ஆன்டி வைரஸ்தான். வாட்ச்மேனை லீவுல அனுப்பிட்டு திருடனுக்கு கதவை திறந்தா கம்பெனிக்காரன் என்ன செய்வான்.

அப்டேட் போடாம இருக்கதும் இதுல பாதி. 2017 மே 12ல உலகத்தையே ஆட்டுன வான்னாக்ரைங்கிற ரான்சம்வேர் பூந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லேயே மருந்து கொடுத்தாச்சு, ரெண்டு மாசமா போடாதவன்தான் மாட்டுனான். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட எல்லாம் முடிஞ்சுது, அதுல எந்த ஆன்டி வைரஸ் போட்டாலும் ஓட்டைக் கூரைக்கு கீழ குடை பிடிக்கதுதான். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல பதிஞ்சு வச்சா 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே அந்த பட்டன் இருக்கும். மாமா கம்ப்யூட்டர் அதுலதான் இருந்துச்சு, பதிஞ்சு விட்டேன்.

ஆன்டி வைரஸுக்கு ஒதுக்குன அந்த ரெண்டாயிரம் மூவாயிரத்தை என்ன பண்ணலாம்னா, கூட கொஞ்சம் போட்டு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்க. இதை நான் பல வருஷமா சொல்லிகிட்டேதான் இருந்தேன், ஒருத்தரும் கேக்கல, 2023 டிசம்பர் 17, 18 மழைக்கு பொறவுதான் கேக்க ஆரம்பிச்சாங்க. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பக்கம் எல்லாம் தண்ணி. தரைத்தளத்துல மேசைக்கு கீழ சிபியு வச்சிருந்தவங்க எத்தனை பேரு, ஈரச் சாக்குல சுத்தி டிஸ்க்கை கொண்டு வந்து "தம்பி, பிள்ளை போட்டோ மட்டும் எடுத்து கொடுத்துருப்பா"ன்னு நின்னாங்க, ஒரு சிலதுதான் எடுக்க முடிஞ்சுது. வைரஸ்ல போனாலும் வெள்ளத்துல போனாலும் போனது போனதுதான். டிஸ்க்கை எப்பவும் சொருகியே வச்சிருக்காதீங்க, ரான்சம்வேர் வந்தா அதையும் சேத்து பூட்டிரும், எடுத்து உள்ள வச்சிரணும்.

மாமாவுக்கு புது ஆன்டி வைரஸ் எதுவும் போடல. டிஃபெண்டரை முழிக்க வச்சு, அந்த ஃபோல்டர் பூட்டை ஆன் பண்ணி, குரோம்ல நோட்டிஃபிகேஷன் யாரும் கேக்கவே கூடாதுன்னு அடைச்சு, ஐகார் ஃபைலை டவுன்லோடு பண்ணி கத்த வச்சு காமிச்சேன். "நல்லா கத்துதான்"னு சந்தோஷம். வண்ணார்பேட்டையில ஒரு கடையில ஒரு டிபி டிஸ்க் வாங்கிட்டு வந்து கொடுத்தேன், மாசம் ஒரு தடவை காப்பி எடுக்கணும், மறந்துருவீங்களேன்னேன். அவங்களுக்கு மறக்காத நாள் ஒண்ணு இருக்கு, அமாவாசைக்கு அமாவாசை குறுக்குத்துறைக்கு போய் தாத்தாவுக்கு தர்ப்பணம் கொடுத்துட்டு வருவாங்க. இப்ப வந்து சாப்பிட்டு முடிச்ச உடனே பீரோவுல பத்திரத்துக்கு அடியில இருந்து டிஸ்க்கை எடுத்து சொருகுதாங்க, முடிஞ்சதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும்.